ஐந்தாவது ஏன்

வியாழன் இரவு பதினான்காம் இயந்திரத்தில்
விளைச்சல் விழுந்துவிட்டது.
விளைச்சல் என்றுதான் சொல்வோம், என்னமோ நெல் மாதிரி.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தேற வேண்டியது
தொண்ணூற்றொன்று.
அந்த ஏழுக்காக மூன்று நாடுகள் விழித்திருந்தன.

படிவம் என் பெயருக்கு வந்தது.
எந்தக் கோளாறானாலும்
ஐந்து முறை ஏன் என்று கேட்கச் சொல்லும் படிவம்.
ஐந்து கட்டம். கட்டத்துக்கு இரண்டு வரி.

ஏன் விழுந்தது?
வேஃபரில் கறை.

ஏன் கறை?
ஆய்வுக்கூடத்து நோர்ஹஸ்லின்டா
தாளை நீட்டிவிட்டுச் சிரிக்காமல் சொன்னாள்:
உப்பு.

பாயான் லெப்பாஸில் உப்புக்கா பஞ்சம்?
சுவருக்கு அந்தப் பக்கம்
விமான ஓடுபாதை தாண்டி
நாள் முழுக்கக் கடல் அடித்துக்கொண்டிருக்கிறது.
அதை உள்ளே விடாமலிருக்கத்தானே
கூரை பூராவும் வடிகட்டி,
காற்றுக் குளியல், இரட்டைக் கதவு,
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி.
பவுடர் கூடாது. மை கூடாது.
சிகரெட் பிடித்தவன் அரைமணி வெளியே நின்று
தன் மூச்சு தீரக் காத்திருக்க வேண்டும்.
வடிகட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
கடல் வரவில்லை.

மூன்றாவது ஏனுக்கு நான்கு இரவு பிடித்தது.
கேமரா பதிவில், மூன்று மணி பத்து நிமிடத்துக்கு,
ஒரு வெள்ளை அங்கி கண்ணாடியை உயர்த்துகிறது.
கையுறை விரலால் கண்ணைத் துடைக்கிறது.
அதே விரலால் பெட்டியைத் திறக்கிறது.
மறுபடி துடைக்கிறது.

உள்ளே யாருக்கும் முகம் கிடையாது,
நடையை வைத்துத்தான் ஆளைச் சொல்வோம்.
இடது காலைச் சற்றே ஒதுக்கி வைக்கும் நடை.
கோகிலவாணி. பதினோரு வருடம்.
செபராங் ஜெயாவிலிருந்து கம்பெனி பஸ்.

நான்காவது கட்டத்தில் 'ஊழியர்' என்று எழுதி
அப்படியே வைத்துவிட்டு
கேன்டீனுக்குப் போனேன்.
மைலோ ஆடை கட்டிக் கிடந்தது அவர் முன்னால்.
என் முகத்துக்கு முன் என் பேட்ஜைப் பார்த்தார்.

"கடன் முடிஞ்சிருச்சு சார்.
தம்பி ஓட்டுற மைவி.
நூத்தியெட்டு தவணை. அவன் ரெண்டு கட்டினான்.
உள்ள போறதுக்கு முன்னாடி பேங்க்குல இருந்து மெசேஜ்.
சந்தோஷமாத்தான் லாக்கர்ல போனை வெச்சேன்.
மூணு மணிக்கு மெஷின்கிட்ட நிக்கறப்ப
சரி, இனிமே ஏன் ராத்திரில வரணும்னு
என்னையே கேட்டுக்கிட்டேன்.
ஒண்ணும் தோணல.
அதான்."

பிறகு,
"வார்னிங் லெட்டர் வருமா சார்?"

சம்பளம் என்ற சொல்லுக்குள்
சம்பாவும் இருக்கிறது, அளமும் இருக்கிறது,
நெல்லும் உப்பும் கூலியாகத் தந்த காலம் என்று
தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் படித்தேன்.
தந்ததில் ஒரு சொட்டு திரும்பி வந்திருக்கிறது,
அவ்வளவுதான் என்று
இரண்டு வரிக்குள் எழுதிவிடலாம்.
ஆனால் படிவம் ஆங்கிலம். தவிர
நடவடிக்கை என்று கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது.

எழுதினேன்:
பாதுகாப்புக் கண்ணாடி மூக்கில் சரியாகப் பொருந்தவில்லை.
நடவடிக்கை: அறுநூற்று நாற்பது பேருக்கும் புதுக் கண்ணாடி.

சியா பூன் ஹொக் கையெழுத்திட்டார்.
தலைமையகத்தில் அப்போது மத்தியானம்,
திரையில் யாரோ கட்டைவிரலை உயர்த்தினார்கள்.
விளைச்சல் தொண்ணூற்றெட்டே கால்.

புதுக் கண்ணாடி இறுக்குகிறதாம்,
புகார்ப் பெட்டியில் பதினேழு சீட்டு.

நேற்று இரவு காற்றுக் குளியலுக்கு வரிசையில் நிற்கையில்
எனக்கு முன்னால் ஒரு வெள்ளை அங்கி
இடது காலை ஒதுக்கி நின்றது.
திரும்பி, மூக்குத் துணிக்குள்ளிருந்து
கொஞ்சம் சத்தமாகவே சொன்னது:

"தம்பிக்கு இப்ப வேன் வேணுமாம் சார்.
ஒம்போது வருஷம்."